தம்பியின் புரொஜெக்டும் மெதவாச்சித் தண்ணீரும்

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு அக்காவின் கேள்வி இது. தம்பி மொறட்டுவை கெம்பஸில் பொறியியல் மூன்றாம் வருடம். இறுதி வருட புரொஜெக்டுக்குத் தலைப்பு எடுக்க வேண்டும். "நோய், தண்ணீர், குப்பை என்று சனத்துக்குப் பயன்படுகிற ஏதாவது செய்" என்று வீட்டில் சொன்னால், "அதெல்லாம் பேப்பர் போட்டு வெளிநாடு போகத்தான் அக்கா, ஊருக்கு ஒன்றும் வந்து சேராது" என்கிறானாம். பல்கலைக்கழகப் பொறியியல் ஆராய்ச்சியால் இலங்கையில் உண்மையிலேயே ஏதாவது தீர்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் போனால் நல்லது என்று கேட்கிறார்.

தம்பி சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதியை அவன் இன்னும் பார்க்கவில்லை. நானும் கட்டுபெத்தையில், அதே மொறட்டுவை கெம்பஸில், படித்தவன்தான். பிறகு பல வருடங்கள் தண்ணீர் சுத்திகரிப்பு வேலையிலேயே போய்விட்டன. ஆராய்ச்சி என்றதும் நமக்குப் புது மெஷின், பத்திரிகைப் படம், ரிப்பன் வெட்டுகிற அமைச்சர் என்றுதான் மனதில் ஓடுகிறது. உள்ளே நடப்பதில் முக்கால்வாசி அளப்பது. அளந்தது சரியா என்று திரும்ப அளப்பது. அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வரும்: பையன் பட்டம் எடுத்துப் போன பிறகு அந்தச் சாமானை யார் பார்த்துக்கொள்வது? நம் நாட்டில் ஆராய்ச்சிகள் தோற்றது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான். மூளை இல்லாமல் அல்ல.

தண்ணீரில் இருந்து தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்தது அது.

1990களில் வடமத்திய மாகாணத்தில், மெதவாச்சி, பதவிய, மெதிரிகிரிய பக்கங்களில், ஒரு சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. சர்க்கரை வியாதி இல்லை, பிரஷர் இல்லை. வயலில் வேலை செய்கிற நடுத்தர வயதுக்காரர்கள், பெரும்பாலும் ஆண்கள். உடம்பு சொல்லத் தொடங்கும்போது சிறுநீரகம் அநேகமாகப் போய் முடிந்திருக்கும். வவுனியாக் கிராமங்களிலும் இருக்கிறது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். கட்மியம், ஆர்சனிக், களைநாசினி, புளோரைட், தண்ணீரின் கடினத்தன்மை, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றுவது என்று சந்தேகப் பட்டியல் நீண்டது. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு நோய் வந்ததால் வெயில் சந்தேகம் வலுத்தது. இங்கே 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினியைத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். அந்தத் தடை அளந்து எடுத்த முடிவு என்று என்னால் சொல்ல முடியாது. பயத்தில் எடுத்தது. பயத்திலும் நியாயம் இருந்தது, வீட்டுக்கு வீடு நோயாளி இருக்கிற ஊரில் ஆராய்ச்சி முடியும்வரை பொறு என்று யாரிடம் சொல்வது?

இந்த இடத்தில் பொறியியல்காரனின் யோசனை வைத்தியரின் யோசனையில் இருந்து வேறுபடும். காரணம் எதுவோ, அதை அவர்கள் தேடட்டும். கிணற்றுத் தண்ணீரில் கடினத்தன்மையும் புளோரைட்டும் கூட என்பது அளந்து தெரிந்த விஷயம். ஊற்று நீர் குடிக்கிற குடும்பங்களில் நோய் குறைவு என்றும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அப்படியானால் காரணம் முடிவாகும்வரை காத்திராமல் தண்ணீரை மாற்றலாமே! உலக சுகாதார நிறுவனம் புளோரைட்டுக்குச் சொல்கிற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். நம் உலர்வலயக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டும். நாள் முழுக்க வெயிலில் நின்று நான்கைந்து லீற்றர் குடிக்கிற விவசாயிக்கு அந்த எல்லையே தாராளம்தான்.

அதனால் வந்தவைதான் இப்போது அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிற ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள். சவ்வின் ஒரு பக்கம் தண்ணீரை அழுத்தத்தில் தள்ளினால் உப்பு இந்தப் பக்கம் நிற்கும், தண்ணீர் மறுபக்கம் போகும். படத்தில் பார்க்க அழகு. மெதவாச்சிப் பக்கம் ஒரு நிலையத்தை நேரில் போய்ப் பார்த்தேன். தகரக் கூரை. வெளியே சைக்கிளும் மோட்டார் சைக்கிளும், நீலக் கான்களோடு சனம். உள்ளே இரண்டு அழுத்தமானிகள், ஒன்றின் முள் அசையவே இல்லை. நிலையத்தை நடத்துகிற சங்கத்துத் தாத்தா ஒருவர் சில ரூபாய் வாங்கிக்கொண்டு கானை நிரப்பிக் கொடுத்தார். நான் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு பி.வி.சி. குழாயில் இருந்து தண்ணீர் நிற்காமல் கானுக்குள், அதாவது வாய்க்காலுக்குள், ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி மண் வெள்ளை பூத்திருந்தது. சவ்வு தள்ளிவிட்ட உப்பு முழுக்க அதில்தான் போகிறது. இந்த மாதிரிச் சிறிய நிலையங்களில் உள்ளே போகிற தண்ணீரில் ஏறக்குறைய பாதி இப்படிக் கழிவாக வெளியேறும். அது திரும்ப நிலத்துக்குள் இறங்கும். அடுத்த வருடக் கிணற்றில் யார் அளப்பது?

"ஐயா, சவ்வு எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டேன். "தண்ணி வருகிறது தானே தம்பி" என்றார். அவரில் பிழை இல்லை. கடின நீரில் உள்ள கல்சியம் சவ்வின் மேல் கேத்தலின் அடியில் படிவது போலப் படியும். படியப் படிய அழுத்தம் ஏறும், வெளிவரும் தண்ணீர் குறையும். சவ்வு கிழிந்தால் தண்ணீர் நன்றாகவே வரும், சுத்தமாக வராது. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்க வேண்டும், உப்புக் கூடினால் அதுவும் கூடும். கையடக்க மீற்றர் ஒன்று போதும். அதன் பற்றரி எப்போது செத்தது என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

இதைத்தான் உங்கள் தம்பிக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆர்.ஓ. கண்டுபிடித்து முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல். ஆனால் இந்தத் தாத்தாவின் நிலையத்தில் தீராத ஆராய்ச்சிக் கேள்விகள் குறைந்தது நான்கு இருக்கின்றன. கழிவு நீரை என்ன செய்வது? அழுத்தம் குறைவாக வேண்டியிருக்கிற நனோ வடிப்புச் சவ்வு கல்சியத்தையும் மக்னீசியத்தையும் நன்றாகப் பிடிக்கும், புளோரைட்டைப் பாதிதான் பிடிக்கும். எந்த ஊர்க் கிணற்றுக்கு அது போதும்? சவ்வு பழுதானதைப் படிக்காத ஒருவருக்கு ஒரு சிவப்பு பல்பால் சொல்ல முடியுமா? மழை நீரைத் தொட்டியில் பிடித்து ஆர்.ஓ. தண்ணீரோடு கலந்தால் செலவு எவ்வளவு குறையும்? பேராதனையில் சீனாவோடு சேர்ந்து அமைத்த நீர்த் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்தப் பக்கத்தில் வேலை செய்கிறது. அங்கே போய்ப் பேசச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் உடனே கேட்பார்கள், எங்கள் கிணறு? அங்கே கதை வேறு. சுண்ணாம்புக்கல் நிலம், ஓட்டையும் பிளவுமாக இருக்கும், மேலே ஊற்றியது கீழே போக நேரம் எடுக்காது. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் நைத்திரேற்றாகக் கிணற்றுக்கு வரும். ஆர்.ஓ. வைப்பதற்கு முதல் குழியைப் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பிரச்சினை என்று ஒன்று கிடையாது, ஊருக்கு ஊர் வேறு பிரச்சினை.

சரி, கொழும்பை விட்டு வெளியே போக வசதி இல்லை என்றால்? காற்று இருக்கிறது.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. பல்கனி கடல் பக்கம், கீழே மரீன் டிரைவ். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய தூசி சென்சார் வாங்கி அங்கே மாட்டினேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும், லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும், சிதறியதை எண்ணி பி.எம். 2.5 இவ்வளவு என்று சொல்லும். அதாவது 2.5 மைக்ரோமீற்றருக்குச் சிறிய துகள்கள், மூக்கும் தொண்டையும் பிடிக்காமல் நேரே நுரையீரலின் அடிக்குப் போகிறவை. முதல் வாரமே எனக்குக் குழப்பம். பின்னேரம் ஐந்து மணிக்கு பஸ்ஸும் ஓட்டோவும் நெருக்கியடிக்கிற நேரத்தில் அளவு சுமார். விடிய நாலரைக்கு, தெருவில் நாய் மட்டும் நிற்கிற நேரத்தில், அளவு மேலே. ஊர் சனம் எல்லாம் தூங்கும்போது யார் புகை விடுகிறார்கள்?

யாரும் இல்லை. ஈரப்பதன். கடல் காற்றில் உப்புத் துகள் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தண்ணீரை இழுத்துத் துளியாகிவிடும். பொங்கிய துகள் ஒளியை அதிகம் சிதறவைக்கும், சென்சார் அதைத் தூசி என்று எண்ணிவிடும். கொழும்பில் விடியற்காலையில் ஈரப்பதன் அனேகமாக 80க்கு மேல்தான். விலை கூடிய கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டு அளக்கும். மலிவான சென்சாருக்கு அந்த வசதி கிடையாது. குளிர்நாட்டில் எழுதிய திருத்தச் சூத்திரத்தை அப்படியே இங்கே போட்டால் வெள்ளவத்தைக்குச் சரிவராது. இங்கே, நம் உப்புக் காற்றில், ஒரு நல்ல கருவிக்குப் பக்கத்தில் பத்து மலிவு சென்சார்களை இரண்டு பருவமழைக்கும் வைத்து ஒப்பிட வேண்டும். அலுப்பான வேலை. ஆனால் பி.எம். 2.5க்கு வருடச் சராசரி எல்லை இலங்கையில் கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தது 5. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் தெரு எங்கே நிற்கிறது என்பதை, நாலரை மணிக்குப் பொய் சொல்கிற கருவியை வைத்துக்கொண்டு ஒருவரும் பேச முடியாது. பாடசாலை வாசலில் சென்சார் மாட்டிவிட்டு முகநூலில் சிவப்பு வட்டம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னித்துக்கொள்ளுங்கள்.

குப்பைக்கு வருவோம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று பின்னேரம், மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 30க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். குப்பை முகாமைத்துவம் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் அது மண் பொறியியலும்கூட. கொலன்னாவைப் பக்கம் சதுப்பு நிலம், அடியில் இளகிய மண். அதன் மேல் பாரம் ஏற ஏற, மண்ணுக்குள் இருக்கிற தண்ணீர் வெளியேற வேண்டும். வெளியேற நேரம் கொடுக்காமல் நாளாந்தம் லொறி லொறியாகக் கொட்டினால் பாரத்தை மண் தாங்காது, அந்தத் தண்ணீர்தான் தாங்கும். தண்ணீருக்கு வழுக்கலை எதிர்க்கிற பலம் இல்லை. மழையும் குப்பைச் சாறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மண் எப்போது தாங்கும், எப்போது இளகி ஓடும் என்பதைக் கணக்காகச் சொல்கிற நவீனக் கோட்பாட்டின் அடித்தளக் கட்டுரைகளில் ஒன்று, 1963இல் ஜியோடெக்னிக் என்ற ஆய்விதழில் வந்தது. எழுதிய மூவரில் இருவர் கேம்பிரிட்ஜின் ரொஸ்கோவும் ஸ்கொஃபீல்டும். மூன்றாமவர் பேராசிரியர் அழகையா துரைராஜா. பிறகு பேராதனையில் பொறியியல் படிப்பித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர். உலகமெங்கும் மண் பொறியியல் மாணவர்கள் இன்றும் அந்த மாதிரியைப் படிக்கிறார்கள். கட்டுரையின் தலைப்பே ஈரம் கூடிய களிமண் விட்டுக்கொடுப்பதைப் பற்றியதுதான். மீதொட்டமுல்லைக்கு வேண்டிய பாடம் அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் ஆள் ஒருவரின் கையெழுத்தோடு அச்சில் இருந்தது. மேட்டின் அடியில் நீர் அழுத்தத்தை அளக்கிற குழாய்களை இறக்கி, அளவு ஏறும்போது கொட்டுவதை நிறுத்து என்று சொல்லவும், சொன்னால் கேட்கவும் ஆள் வேண்டியிருந்தது.

மலையகத்திலும் இதே கதைதான், இன்னும் கசப்பாக. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆனால் எழும்பிப் போ என்று சொன்னால் எங்கே போவது? தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லை. இப்போது மழைமானிகள் கூடியிருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்று படிநிலையும் இருக்கிறது. செய்தி நள்ளிரவில் தமிழில் போய்ச் சேர்கிறதா என்பதும் அந்த மழைமானி அளவுக்கே முக்கியம். அதுவும் பொறியியல் கேள்விதான் என்று சொன்னால் சில பேராசிரியர்கள் சிரிப்பார்கள்.

மொழி என்றதும், கணினிப் பக்கம் போகிற பையன் என்றால் இதைக் கேட்கட்டும். அரச கரும மொழிகள் திணைக்களத்தோடு சேர்ந்து மொறட்டுவையில் சிங்களத்தில் இருந்து தமிழுக்கும் தமிழில் இருந்து சிங்களத்துக்கும் அரச ஆவணங்களை மொழிபெயர்க்கிற முறைமை ஒன்றைச் செய்தார்கள். கூகிள் இருக்கும்போது எதற்கு என்று கேட்காதீர்கள். சுற்றறிக்கைத் தமிழ் வேறு, அதற்கென்று இலங்கையில் புழங்குகிற சொற்கள் வேறு. கஷ்டம் எங்கே வந்தது தெரியுமா? இயந்திரத்துக்குப் படிப்பிக்க இரண்டு மொழியிலும் ஒரே ஆவணம் ஆயிரக்கணக்கில் வேண்டும். அரச அலுவலகங்களில் அவை உண்டு, ஆனால் பல வருடத்துத் தமிழ் பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. பாமினியில் "அம்மா" என்று திரையில் தெரிவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். சிங்களத்திலும் எப்.எம். அபய போன்ற எழுத்துருக்களால் அதே தலையிடி. முதலில் அதை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், பிறகு வரிக்கு வரி பொருத்த வேண்டும். அழகான நரம்பியல் வலையமைப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். நம் ஊர்த் தட்டச்சுக் கடைகளில் வேலை செய்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கொழும்பில் தன்னார்வ மென்பொருள்காரர்கள் கட்டிய சஹானா, காணாமல்போனோரையும் முகாம்களையும் பதிந்துவைக்கிற திறந்த மென்பொருள், 2010 ஹெய்ட்டி பூகம்பம் வரை போய் வேலை செய்தது. 2020 ஜனவரியில், கொரோனா இங்கே பரவ முன்பே, வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களைப் பதிய டி.எச்.ஐ.எஸ். 2 என்ற சுகாதாரத் தரவு மென்பொருளில் இலங்கையில் கட்டிய பகுதியைப் பிறகு வேறு நாடுகளும் எடுத்துக்கொண்டன. டெங்கு: 2017இல் 186,101 பேருக்கு வந்தது. கொழும்பின் லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் மொறட்டுவை ஆய்வாளர்களும் பெயர் நீக்கிய தொலைபேசித் தரவை வைத்துச் சனம் எங்கிருந்து எங்கே போகிறது, நோய் அடுத்து எங்கே போகும் என்று பார்த்தார்கள். மொறட்டுவையில் பயோனிக்ஸ் ஆய்வுகூடம் ஒன்று செயற்கைக் கைகளில் வேலை செய்கிறது. அந்தப் பக்கம் போனால் தம்பி முதலில் மோட்டாரை அல்ல, மிச்சமிருக்கிற கையோடு செயற்கைக் கையைப் பொருத்துகிற கிண்ணத்தை யோசிக்கட்டும். நம் வெக்கையில், வேர்வையில், மத்தியானமே கழற்றி வைக்கிற கை எவ்வளவு புத்திசாலியாக இருந்தும் என்ன?

வெளிநாடு போகிறான்களே என்ற குறைக்கு என் பதில்: போகட்டும். 2022க்குப் பிறகு யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் ஒரு சவ்வுக்கும் ஒரு சென்சாருக்கும் மாதக்கணக்கில் காத்திருந்த ஆய்வுகூடங்களை நான் பார்த்தேன். ஆனால் போகிறவன் எதை விட்டுவிட்டுப் போகிறான் என்பதில் வித்தியாசம் இருக்கிறது. என் காலத்தில் ஒரு நல்ல புரொஜெக்ட், பெயர் வேண்டாம், கிராமத்துப் பாடசாலை ஒன்றில் தண்ணீர் வடிகட்டி வைத்தது. ஆய்வறிக்கைக்கு ஏ. இரண்டு வருடம் கழித்து நான் போனபோது அதன் தொட்டியில் கருவேப்பிலைக் கன்று நட்டிருந்தார்கள். வடிகட்டி மண்ணை எப்போது கழுவ வேண்டும் என்று பேப்பரில் இருந்தது, அந்தப் பாடசாலைச் சுவரில் இருக்கவில்லை.

ஆகவே தலைப்புக்கு என் யோசனை, அவன் எந்தத் துறை என்றாலும்: புதுச் சாமான் செய்யாமல், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எடுத்து ஒரு வருடம் அளக்கட்டும். ஆர்.ஓ. நிலையம் ஐந்தை எடுத்து உள்ளே போகிற தண்ணீர், வெளியே வருகிற தண்ணீர், கழிவு, மின்சாரம், பழுதான நாள் என்று மாதாமாதம் பதிந்தாலே போதும். மேற்பார்வை விரிவுரையாளர் "இதில் புதுமை எங்கே?" என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். அளவு கையில் இருந்தால் பதில் தானாக வரும், இல்லாவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்வார். அதற்கும் தயாராக இருக்கட்டும். போகிற ஊரில் நிலையத்தை நடத்துகிறவரை முதல் நாளே சந்தித்து, அவருக்கு என்ன தொல்லை என்று கேட்கட்டும். சிங்களம் தடுமாறினால் கூட்டாளியைக் கூட்டிப் போகட்டும்.

காற்றுப் பக்கம்தான் விருப்பம் என்றால் என் பழைய சென்சார் அலுமாரியில் கிடக்கிறது, வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். விசிறி உப்புப் பிடித்து இறுகிவிட்டது, அதை மட்டும் மாற்ற வேண்டும். விடியற்கால அளவுகள் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன், அதையும் தருகிறேன்.